தேதி போடாத ராஜினாமா

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு பெண் வெளியேறினாள். வணக்கம் இல்லை, போய்வருகிறேன் இல்லை, வெளியேறினார் என்று ஒரே ஒரு வரி. உங்களில் நான்கைந்து பேர் அவளோடு சேர்ந்துதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள். போன் செய்து கேட்டேன். சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாளாம். எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணல்வரை போயிருக்கிறாள். அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"சீட்டு கெடைச்சிடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா. இன்னா மூஞ்சிய வெச்சிகினு க்ரூப்புல இருக்கறது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். கோபித்துக்கொள்ளட்டும். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் நான்கு நாள் திரிந்திருக்கிறேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். உங்களில் யாராவது இதை அவளுக்கு அனுப்பிவைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் ஒரகடத்துக்குப் பக்கத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனியில் இருந்தேன். தையல்காரியாகத்தான் சேர்ந்தேன், தையல்காரியாகத்தான் வெளியே வந்தேன். நடுவில் இந்த இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொழிலாளிமேல் நிர்வாகம் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்தால், அவர் தரும் விளக்கம் போதவில்லை என்றால், கம்பெனிக்குள்ளேயே விசாரணை வைப்பார்கள். எங்கள் கம்பெனியில் அதற்கு வக்கீலைக் கூட்டிவர முடியாது. சக தொழிலாளி ஒருவர் பக்கத்தில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம், எழுத உதவலாம். இருபது வருடத்துக்குமேல் அப்படி உட்கார்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் என் பெயரே வக்கீலம்மா என்று ஆகிவிட்டது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அந்த ஆசை வந்துவிட்டது. தபால்வழியில் பி.ஏ. முடித்திருந்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடச் சட்டப் படிப்பில், வேலை பார்க்கும் பெண்களுக்கென்று கட்டணமில்லாமல் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். பகல் வகுப்பு. கிடைத்தால் வேலையை விட்டுவிட வேண்டும். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. என் வீட்டுக்காரர் படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மீட்டர் இல்லாத ஆட்டோக்காரர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். ஒரு வெள்ளிக்கிழமை நேர்காணல். நீண்ட மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள், பத்து வருட விசாரணைகளில் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டார். பொளந்து கட்டினேன். பிறகு, "நீங்கள் துணைக்கு உட்காரும் தொழிலாளியின் பக்கமே தவறு இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"எங்க ஆளுங்க பக்கம் தப்பு இருக்காது மேடம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பேச்சில் அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வரும்போதே நான் வக்கீல். அன்று சாயங்காலமே நல்ல வெள்ளைத்தாள் இரண்டு வாங்கி, ஒன்றில் ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு, சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன். தேதி மட்டும் போடவில்லை. முடிவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று.

தேதி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதே என்பதுதான் நான் உங்கள் எல்லாருக்கும் சொன்ன முதல் பாடம். சிரிக்காதீர்கள். ஊருக்கு உபதேசம் அப்படித்தான்.

பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குன்றத்தூரில் கிளம்பி, படப்பையில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகும் கம்பெனி பஸ் அது. அதில் யாருக்கு எந்த இருக்கை என்பது ரேஷன் கார்டு மாதிரி. யாராவது வேலையை விட்டால்தான் இன்னொருவர் பெயர் ஏறும். என்னுடையது மூன்றாவது வரிசை ஜன்னலோரம். ஒரு ட்ரெய்னிப் பெண், "அக்கா, நீ போனா இந்த சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் முன்பதிவு செய்துகொண்டாள். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை கலைச்செல்விக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. குன்றத்தூர்க்காரி, என் லைனில் எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்காருபவள். முந்தின வாரம் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனி கேட்டுக்குப் போன் வந்தது. செக்யூரிட்டி ஆள் வந்து சொன்னார். சூப்பர்வைசர் டீ பிரேக்வரை பொறுக்கச் சொன்னார். அவள் பொறுக்கவில்லை. பக்கத்து மெஷினில்கூடச் சொல்லாமல் எழுந்து கேட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள். அதற்குள் லைன் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அவர் கத்த, இவள் "உனுக்குக் கொழந்த குட்டி இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். கடிதத்தில் அனுமதியின்றி இடத்தைவிட்டுப் போனது, லைனை நிறுத்தியது, மேலதிகாரியைக் கெட்ட வார்த்தையால் திட்டியது என்று மூன்று குற்றச்சாட்டு. ஏழு நாளுக்குள் விளக்கம் தரவேண்டும்.

பர்சனல் ஆபீசர் நல்ல மனிதர் என்று சொல்லமாட்டேன், கெட்டவர் என்றும் சொல்லமாட்டேன். அவர் அவளைக் கூப்பிட்டு, நடந்ததை ஒத்துக்கொண்டு ஒரு விளக்கம் எழுதினால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம், எழுதாவிட்டால் விசாரணை, விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட், பிறகு வேலை போனாலும் போகும் என்று சொல்லியிருந்தார். கலைச்செல்வி கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள்.

"இன்னாக்கா பண்றது?"

"ஒண்ணும் எழுதாத. விசாரணை வைக்கட்டும். அப்பறம் கோர்ட்டுக்குப் போலாம். நான்தான் வக்கீலா வரப்போறன் இல்ல, பாத்துக்கறேன்."

இதைச் சொன்னது நான்தான். வேறு யார்மேலும் போடமுடியாது. பத்து வருடமாக, விளக்கத்தைக் காலத்தோடு கொடு என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தவள், கறுப்புக் கோட்டு வரும்முன்பே அதன் கனத்தில் பேசினேன். எனக்கு ஒரு முதல் வழக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. அவள் வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை, தங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். மூன்று வரி. காரணம் ஒன்றும் எழுதவில்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததென்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. சமையலறையில் நின்றபடியே அழுதேன். என் வீட்டுக்காரர் போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு அவரை அறியாமல் "அப்பாடா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு ஞாயிற்றுக்கிழமைவரை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்கள். "ரிசல்ட்டு வந்துச்சாக்கா?" இன்னும் வரல என்றேன். சனிக்கிழமையும் வரல என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு லைனில் வந்து உட்காரும்போதெல்லாம் இரண்டு மெஷின் தள்ளி கலைச்செல்வியின் முதுகு எனக்குத் தெரியும். தேர்வாகவில்லை என்று சொன்னால் எழுதாதே என்று சொன்னதையும் திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும். திருப்பி எடுக்கவேண்டுமென்றால் தேர்வாகவில்லை என்று சொல்லவேண்டும். இரண்டும் ஒரே முடிச்சில் கிடந்தன. வெறும் வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. என் வெட்கத்துக்கு அவள் வட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் துணைக்கு உட்கார ஆரம்பித்த காலத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மண்ணூர்க்காரர் ஒருவர். பெயர் போட்டால் திட்டுவார். விசாரணை அறைக்குள் போகும்முன் எப்போதும் ஒன்றைக் கேட்பார்: "இந்த ரூம்ல வேலை போனா யார் வூட்ல அடுப்பு எரியாது? உன் வூட்டுலயா, அவன் வூட்டுலயா? அத்த மனசுல வெச்சிகினு பேசு." ஞாயிற்றுக்கிழமை முழுக்க இது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கலைச்செல்வி விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு தானே? பஸ்ல ஏறுனதும் சொல்லிடு. எறங்கறதுக்குள்ள சொல்லலாம்னு வெச்சிக்காத, சொல்லமாட்ட."

அவரோடு மறுபடி பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

திங்கள் விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். அன்றுதான் ஏழாவது நாள். என் இருக்கைக்குப் போகாமல் கலைச்செல்விக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வண்டிச் சத்தத்தில் உரக்கத்தான் வந்தது.

"கலை, எனக்குக் கெடைக்கல. வியாழக்கிழமையே தெரியும். மறச்சிட்டேன். நான் உனக்குச் சொன்னதும் தப்பு. இன்னிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

கலைச்செல்வி என்னைப் பார்த்த பார்வையில் முதலில் இரக்கம் எல்லாம் இல்லை, கோபம்தான்.

"வியாயக்கிழமையே தெரியும்ன்ற. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளு நான் சோறு துன்னலக்கா. தெரியுமா உனுக்கு?"

அவள் குனிந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். குழந்தையின் நோட்டில் கிழித்த கோடு போட்ட தாள். விளக்கக் கடிதம். செவ்வாய்க்கிழமையே எழுதி வைத்திருந்தாள்.

"எழுதிட்டேன். குடுக்கத்தான் பயம். நீ வக்கீலாவப் போற, எழுதாதன்னு சொன்ன. உன் பேச்ச மீறிக் குடுத்தா உனுக்குக் கஷ்டமாப் போவுமேன்னு பையிலயே வெச்சிகினு சுத்தறேன்."

அவள் எனக்காகப் பயந்திருக்கிறாள், நான் எனக்காகப் பயந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஆளுக்கொரு கடிதத்தைப் பையில் மறைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். அவள் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. அப்போது பின்னாலிருந்து ட்ரெய்னிப் பெண்ணின் குரல் வந்தது.

"அப்ப சீட்டு காலி ஆவாதாக்கா?"

முதலில் சிரித்தது கலைச்செல்விதான். அப்புறம் டிரைவர் அண்ணன்கூட. எனக்கு வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோனது அப்போதுதான். நான் நினைத்துப் பயந்தது, கேலி செய்வார்கள் என்று. கேலிதான் செய்தார்கள். அது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யார் கண்டார்கள்? "வக்கீலம்மா நம்ம கூடவே இருக்கட்டும், போய்ப் படிச்சிட்டு வந்தா நம்மகிட்டயே ஃபீஸ் கேக்கும்" என்றாள் ஒருத்தி. யாரும் எனக்காக அழவில்லை. அவர்களுக்கு நான் போகாததில் நிம்மதி, அதை மறைக்கவும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரின் அப்பாடாவை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து அவள் கடிதத்தைப் படித்தேன். நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. போன் வந்தது, ஓடினேன், லைன் நின்றது, சொல்லாமல் போனது என் தவறு, இனி பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். நேராக எழுதியிருந்தாள். எங்க ஆளுங்க பக்கம் தப்பு இருக்காது என்று அந்த மூன்று பேர் முன்னால் நான் அடித்துச் சொன்னது ஞாபகம் வந்து காது சுட்டது. தப்பு இருந்தது. தப்பை ஒத்துக்கொண்ட கடிதம் அழகாகவும் இருந்தது. அந்த அம்மாளின் பேனா ஏன் நின்றது என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. அதற்காகத்தான் என்னை வேண்டாமென்றார்களா என்பது தெரியாது. இருந்தாலும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நானும் என்னை எடுத்திருக்கமாட்டேன்.

ஒரே ஒரு வரிதான் உறுத்தியது. கடைசியில், கெட்ட வார்த்தை பேசியதற்கும் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள்.

"பேசுனியா?"

"இல்லக்கா. ஒத்துகினா சீக்கிரம் உட்ருவாங்கன்னு."

அந்த வரியை அடித்தேன். செய்ததை ஒத்துக்கொள், செய்யாததை ஒத்துக்கொள்ளாதே. செய்யாததை ஒத்துக்கொண்டால் அது உன் கோப்பில் படுத்துக்கொண்டு, அடுத்த சண்டையின்போது எழுந்து உட்காரும். இதற்குச் சட்டம் படித்திருக்கவேண்டியதில்லை. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் மேலதிகாரியிடம் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை என்று அந்த இடத்தில் எழுதச் சொன்னேன்.

நல்ல தாளில் இரண்டு பிரதி வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று சீல் வாங்கி நம் கையில் வைத்துக்கொள்ள. என் பையில் இருந்தது இரண்டு தாள். ஒன்று வெறும் தாள், இன்னொன்றின் முன்பக்கத்தில் என் ராஜினாமா. இனி அது எதற்கு என்று அதன் பின்பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். அவள் அதில் நம்முடைய பிரதியை எழுதினாள்.

ஷிப்ட் முடிந்து இரண்டு பேரும் பர்சனல் ஆபீசருக்கு முன்னால் நின்றோம். அவர் நிதானமாகப் படித்தார்.

"கெட்ட வார்த்தை பேசலன்னு போட்டிருக்கு. பேசலயா?"

"பேசல சார்" என்றாள் கலைச்செல்வி.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் பிரதியை எடுத்து சீல் குத்தி, கையெழுத்திட்டு, தேதி போட்டார். பிறகு மை காய ஊதிக்கொண்டே தாளைத் திருப்பினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. தேதி இல்லை. அவர் கையில் சீலும் பேனாவும் இருக்கின்றன.

அவர் முழுவதும் படித்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "தேதி மட்டும்தான் பாக்கி போல இருக்கேம்மா. இன்னிக்கித் தேதி போட்டு இதையும் வாங்கிக்கட்டுமா?"

கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"வேண்டாம் சார்."

நான் சொன்ன சத்தத்தில் பக்கத்தில் நின்ற கலைச்செல்வி தூக்கிவாரிப்போட்டு நகர்ந்தாள். அந்த ஆபீசில் வேறு எதற்கும் நான் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது என் காதில் விழுந்தது அந்தச் சத்தத்தில்தான். அவர் லேசாகச் சிரித்து, தாளை என் பக்கம் தள்ளி, தன் பேனாவையே கொடுத்தார்.

"அப்ப குறுக்க அடிச்சுக் கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடுங்க. நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கறது?"

அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

வெளியே ஓடிவந்தால் பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அண்ணனை எடுக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அந்த ட்ரெய்னிப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்ததில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. படப்பை வரைக்கும் நீயே உட்காரு என்று சொல்லிவிட்டு நான் கலைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து மூன்று நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு முடிந்தது. கலைச்செல்வி இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. பாதி சோம்பேறித்தனம், பாதி பயம். அதைத் தத்துவமாக்கி உங்கள் தலையில் கட்டமாட்டேன். குழுவைவிட்டுப் போன என் கோபக்காரத் தங்கையே, உனக்கு வயது இருக்கிறது, நீ மறுபடி போடு. மறுபடி கிடைக்காவிட்டால் மறுபடி அழு. அழுதுமுடித்த மறுநாளே சொல்லிவிடு. நாலு நாள் ஆக்காதே. நீ வாயைத் திறக்காமல் இருக்கும் நாளில், உன் வார்த்தையை நம்பி எவளோ ஒருத்தி தன் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருப்பாள்.

ஓய்வு பெற்ற அன்று, அந்தத் தாளை எனக்குக் கொடு என்று கலைச்செல்வியிடம் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள். "முன்பக்கம் என்னுது, சீல் குத்துனது. பின்பக்கம் வோணும்னா வூட்டுக்கு வந்து படிச்சிட்டுப் போ" என்றாள். ஆக, என் ராஜினாமா இன்னும் குன்றத்தூரில் அவள் பீரோவில் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை அது கம்பெனிக்குப் போகவேயில்லை.

வருகிற வியாழக்கிழமை ஒருவர் விளக்கம் கொடுக்கவேண்டிய கடைசி நாள். மூன்று மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து எழுதப்போகிறோம். தங்கையே, உன்னைக் குழுவில் மறுபடி சேர்க்கச் சொல்லிவிட்டேன். எந்த மூஞ்சியோடு வேண்டுமானாலும் வா. வரும்போது வெள்ளைத்தாள் இரண்டு வாங்கிக்கொண்டு வா. இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கட்டும்.